மூன்று அடியும் பதினோரு அடியும்

பெண்கள் சிறையில் கைதிகள் அவளுக்கு வைத்த பெயர் இரும்புக்கை. முகத்துக்கு நேரே 'அம்மா' என்பார்கள். முதுகு திரும்பியதும், இரும்புக்கை வருது, இரும்புக்கை போகுது என்று கொட்டடிக்குக் கொட்டடி சேதி பறக்கும். வார்டராகச் சேர்ந்த புதிதில் அதைக் காதில் வாங்கி உள்ளுக்குள் பூரித்துக்கூடப் போயிருக்கிறாள். ஆறடிக்கு ஒரு விரல்கடைதான் குறைவு. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள். முறம் மாதிரி உள்ளங்கை. மற்ற வார்டர்கள் லத்தியை வைத்துச் சாதிப்பதை அவள் ஒரே அறையில் முடித்துவிடுவாள். வாங்கினால் அரை நாளைக்குக் காது தானாகப் பாடும் என்பது வாங்கியவர்கள் சொன்ன சாட்சி.

அவளுடைய அப்பாவும் அப்படித்தான். வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும் மனிதர். அம்மா, அண்ணன், இவள் என்று மூன்று பேரும் அவரிடம் வாங்கி வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கை வேதப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சபைக்குப் போகும். இவளும் அதையேதான் பழகியிருந்தாள். ஞாயிறு காலையில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள், நல்ல குரல். திங்கட்கிழமை சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டியதும் அவள் வேறு ஆள். அதில் ஏதோ கோளாறு இருப்பதாகப் பதினாறு வருஷம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது அவள் மகள். ஏழு வயது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் இவள் உட்கார்ந்திருந்தாள். மேஜை விளிம்பிலிருந்த கண்ணாடித் தம்ளரைக் குழந்தை தட்டிவிட்டது. சுக்குநூறாகிவிட்டது. 'ஏய்' என்று இவள் எழுந்ததுதான் தாமதம், குழந்தை ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. இரண்டு கையையும் தூக்கிச் சுவரில் ஊன்றி, காலை அகட்டி, நெற்றியைச் சுவரோடு ஒட்டி. சோதனைக்கு நிற்கும் கைதிகள் நிற்பது போலவே, ஒரு குறையும் இல்லாமல்.

"யாருடி இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

குழந்தை திரும்பாமலே சொன்னது: "இப்படி நின்னா கொஞ்சமா அடிப்பேன்னு நீதானே அப்பாகிட்ட சொன்னே."

இரும்புக்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடித் துண்டு தொடையில் ஏறியதுகூடத் தெரியவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா தரையிலும் மகள் சுவரிலுமாக இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து போதகரிடம் போனாள். போதகர் ஒல்லி, பேசுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம் உள்ளவர்.

"பாஸ்டர், நான் பரிசுத்தமா இருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"முட்டிவலி, பிள்ளைக்கு வரன், வேலை மாறுதல்னுதான் என்கிட்ட வருவாங்கம்மா. இதைக் கேட்டு இருபது வருஷத்துல ஒருத்தரும் வந்ததில்ல. எனக்கே வழி முழுசாத் தெரியாது. உங்களுக்கு எங்க உறுத்துதோ அங்கிருந்து ஆரம்பிங்க."

"கை உறுத்துது."

"அப்ப கையிலேர்ந்து ஆரம்பிங்க."

ஆரம்பித்தாள். சொல்வது லேசு. சிறையில் காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்ததிலிருந்து மாலை பூட்டும்வரை கை ஓங்குவதற்கு நூறு சாக்கு கிடைக்கும். தண்ணீர் வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியின் கொண்டையைப் பிடிப்பாள். எண்ணிக்கை எடுக்கும்போது ஒருத்தி வேண்டுமென்றே இடம் மாறி நின்று கணக்கைக் குழப்புவாள். உள்ளங்கை நமநமவென்று வரும். அப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். விதிப்படி லத்தி இடுப்பில் தொங்கும்; கம்பியைத் தட்டி எழுப்புவதற்கு மேல் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

கைதிகள் முதலில் நம்பவில்லை. புலி பதுங்குது, பாய்ச்சல் பெருசா இருக்கும் என்றார்கள். கூட வேலை பார்த்த ஒல்லி வார்டர் ஒருத்தி, ஊசி என்று பட்டப்பெயர், தினமும் கேலி செய்வாள்.

"என்னக்கா, கைக்கு லீவு குடுத்துட்டீங்களா? சம்பளத்தோடவா, சம்பளமில்லாமலா?"

நாலு மாதம் ஓடியது. ஒரு அடி இல்லை. கைதிகள் சுவரில் கோடு கிழித்து நாளெண்ணுவது போல ஜெபத்தில் அவளும் நாள் எண்ணினாள். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று. சபையில் மற்றவர்கள் பாடும்போது இவள் ஓரக்கண்ணால் அவர்களைப் பார்த்து, இவங்கெல்லாம் இன்னும் கீழ்ப்படியிலதானே நிக்கிறாங்க என்று நினைத்துக்கொண்டதும் உண்டு. அதையும் பின்னாளில் அவளேதான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் பற்றி எரிந்தது. இரண்டு கூட்டத்துக்கு நடுவே எப்போதோ ஆரம்பித்த பகை, ஒரு கொலையில் வெடித்துத் தெருத்தெருவாகப் பரவியது. கடைகள் கருகின. பஸ்கள் எலும்புக்கூடாய் நின்றன. வேன் ஓட்டப் போன கணவர் திரும்பி வரும்வரை மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடந்த நாட்கள் அவை. பிடிபட்ட பெண்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். நாற்பது பேர் படுக்கும் கொட்டடியில் நூற்றிருபது பேர். ஒருத்தி புரண்டால் வரிசையே புரள வேண்டும்.

வந்தவர்களில் ஒருத்தியை எல்லோரும் நெருப்புக்காரி என்றார்கள். ஒரு வீட்டை வெளியே பூட்டிவிட்டுக் கொளுத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். மண்ணெண்ணெய் டின்னைச் சுமந்து வந்தவள் இவள்தான் என்பது வழக்கு. முப்பது வயதுகூட இருக்காது. யாரோடும் பேசமாட்டாள், புருவம் பாதி பொசுங்கியிருந்தது. அவளுக்குத் தட்டு நீட்டும்போது இரும்புக்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பிள்ளைகளில் சின்னதற்கு ஏழு வயது என்று பத்திரிகையில் படித்திருந்தாள்.

அதே கொட்டடியில் பெரியக்கா இருந்தாள். கொழுந்தனை வெட்டிவிட்டு வந்து ஒன்பது வருஷமாக உள்ளே இருப்பவள். அந்தக் கொட்டடிக்குச் சட்டம், கோர்ட்டு எல்லாம் அவள்தான். எரிந்து போன அந்தத் தாய் பெரியக்காவின் சின்னம்மா மகள். தங்கச்சி முறை. இதைக் கேள்விப்பட்ட அன்றே இரும்புக்கை சூப்பிரண்டு அம்மாவின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், அந்த ரெண்டு பேரையும் ஒரே இடத்துல வெக்காதீங்க. கொன்னுடுவாங்க."

"வேற எங்க வெக்கச் சொல்ற? என் வீட்லயா?" சூப்பிரண்டு அம்மா கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீதான் இப்ப ஜெபம் பண்றியாமே. அதையும் சேர்த்துப் பண்ணு."

மூன்றாம் நாள் காலை. குளிக்கும் நேரம். நாலு பக்கமும் சுவர், நடுவில் நீளமான சிமெண்டுத் தொட்டி, ஒரே ஒரு கம்பிக் கதவு. முப்பது பேரை உள்ளே விட்டுவிட்டு ஊசி கதவடியில் நின்றாள். இரும்புக்கை உள்ளே தொட்டி ஓரத்தில் நின்றாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் திடீரென்று நின்றது. இருபத்தொன்பது செம்பும் ஒரே நேரத்தில் நின்றால் அது நல்லதுக்கில்லை என்று பதினாறு வருஷ அனுபவம் சொன்னது.

திரும்பினாள். நெருப்புக்காரியை இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். கையில் சாப்பாட்டுக் கரண்டி. காம்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கியிருந்தாள். முதல் குத்து தோளில் இறங்கியது. தொட்டித் தண்ணீர் சிவந்தது.

இரும்புக்கை விசில் ஊதினாள். ஊசி செய்ய வேண்டியதைத்தான் செய்தாள்: கம்பிக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பூட்டிவிட்டு ஆள் கூப்பிட ஓடினாள். விதி அப்படி. ஆக உள்ளே முப்பது பெண்களும் ஒரு வார்டரும்.

அமுக்கிப் பிடித்திருந்த இருவரையும் தோளாலேயே இடித்துத் தள்ளினாள். ஒருத்தி செம்பால் அவள் வாயில் அடித்தாள். முன்பல் ஒன்று நாக்கின் மேல் வந்து விழுந்தது. நெருப்புக்காரியை வெளியே இழுத்துத் தன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டாள். பெரியக்கா நிற்கவில்லை.

"நகரும்மா. உன்மேல எனக்குப் பகை இல்ல. நகரு."

"வேணாம் பெரியக்கா. போட்டுடு கீழ."

"பிள்ளைங்கள எரிச்சவளுக்கு நீ சுவரா?" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். கரண்டிக் காம்பு இரும்புக்கையின் விலாவில் கிழித்துக்கொண்டு போனது. அப்போதுதான் லத்தி கைக்கு வந்தது.

முதல் அடி மணிக்கட்டில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கரண்டி விழவில்லை, அடுத்த கைக்கு மாறியது. இரண்டாவது அடி அந்த முழங்கையில். கரண்டி தரையில் விழுந்து தொட்டிக்கு அடியில் ஓடியது. அப்படியும் பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மூன்றாவது அடி முட்டிக்காலில். விழுந்தாள்.

அத்தோடு முடிந்தது. முடிந்துவிட்டது என்று இரும்புக்கைக்கு நன்றாகத் தெரிந்தது. மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள், கரண்டி போய்விட்டது, கீழே கிடப்பவளால் எழ முடியாது. நாலாவது அடி முதுகில் விழுந்தது. ஐந்தாவது. ஆறாவது. வார்டர்களுக்கு எண்ணுவது மூச்சு விடுவது போல. காலையும் மாலையும் தலை எண்ணியே பழகியவர்கள். கை அடித்தது, மனசு எண்ணியது. எட்டு. ஒன்பது. "போதும்மா," என்றாள் பெரியக்கா பன்னிரண்டில். தெளிவாகக் கேட்டது. அதற்கப்புறமும் இரண்டு.

பதினாலோடு கை நின்றது. கதவு திறந்து ஆட்கள் ஓடிவந்தபோது அவள் வாயில் ரத்தமும் கையில் லத்தியுமாக நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நெருப்புக்காரி அவள் சீருடைப் புடவையின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

விலாவில் பதினெட்டுத் தையல். மூன்றாம் நாள் சூப்பிரண்டு அம்மா பழக்கூடையோடு வீட்டுக்கே வந்தார். தட்டச்சு செய்த அறிக்கை கையோடு வந்திருந்தது. ஆயுதத்தோடு தாக்கிய கைதியைக் கட்டுப்படுத்தத் தேவையான குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டது என்று அதில் இருந்தது.

"கையெழுத்து போடும்மா. வீரச்செயல் பதக்கத்துக்கு உன் பேரை அனுப்பப் போறேன்."

"கை வலிக்குது மேடம். நாளைக்குப் போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நம்ம சகோதரி தன் உயிரைப் பணயம் வைத்து ஒரு பாவியின் உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டு எல்லோரையும் கை தட்டச் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள். மகள் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினாள். பிறகு திருவிருந்து. அப்பத் தட்டும் திராட்சரசப் பாத்திரமும் வரிசையாக வந்தன. பக்கத்து இருக்கைவரை வந்ததும் இரும்புக்கை எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டாள். கணவர் பின்னாலேயே வந்தார்.

"என்னாச்சு? தையல் வலிக்குதா?"

"அந்தத் தட்டுல என்னால கை வெக்க முடியலங்க."

"ஏன்? ஒரு உயிரக் காப்பாத்துனே. அது பொய்யா?"

"மூணு அடி உண்மை. மிச்சம் பதினொண்ணு நான் எனக்காக அடிச்சது." வாயில் பல் போன இடத்தில் காற்று வந்தது, சொற்கள் வழுக்கின. "நாலாவது அடியில எனக்கு இனிச்சுதுங்க. நாலு மாசமா பட்டினி கிடந்தவளுக்குச் சோறு கிடைச்ச மாதிரி இனிச்சுது. போதும்னு அவ சொன்னா. காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு போட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இத யாரு இப்ப உன்கிட்ட கேட்டாங்க?"

"யாருமே கேக்கல. அதான் பயமா இருக்கு."

மறுநாள் தன் கைப்பட ஒரு அறிக்கை எழுதினாள். ஒன்றரைப் பக்கம். எந்த அடி எங்கே விழுந்தது என்று எண் போட்டு எழுதினாள். நாலாவதிலிருந்து பதினாலாவதுவரை தேவையில்லாத அடிகள், அவை கோபத்தாலும் ஆசையாலும் அடிக்கப்பட்டவை என்று முடித்தாள். ஆசை என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருந்தாள்.

சூப்பிரண்டு அம்மாவுக்குப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"பைத்தியமா உனக்கு? பரிசுத்தம் வேணும்னா மடத்துல போய்ச் சேரு. எங்க தலையை ஏன் உருட்டுற? இது விசாரணைக்குப் போனா ரெண்டு பேரையும் ஒரே கொட்டடில ஏன் வெச்சேன்னு என்னைக் கேப்பாங்க!"

"கேக்கட்டும் மேடம்."

அன்று மதியமே தற்காலிகப் பணிநீக்கம். வெளியே வரும்போது சக வார்டர்கள் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. இவ ஒருத்தி நல்லவளாகறதுக்கு எல்லார் கையையும் கட்டிட்டுப் போறா என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் இவளுக்குப் பட்டது.

பெரியக்கா பெரிய ஆஸ்பத்திரியில் கைதிகள் அறையில் இருந்தாள். காவலுக்கு ஊசி. அவள் மட்டும் பழைய சிநேகத்துக்காகப் பத்து நிமிஷம் உள்ளே விட்டாள்.

இரண்டு கைக்கும் மாவுக்கட்டு. இடது காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பெரியக்கா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"பன்னெண்டு அடிச்சே. நான் எண்ணினேன்."

"பதினாலு. கடைசி ரெண்டுல உனக்கு நினைவு போயிடுச்சு."

"பரவாயில்ல, கணக்குல நேர்மையாத்தான் இருக்கே." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "எதுக்கு வந்தே? மன்னிப்புக் கேக்கவா? கேட்டுட்டு நீ நிம்மதியா வீட்டுக்குப் போவே. எனக்கு என்ன மிஞ்சும்?"

இரும்புக்கை சரிந்து கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"தலை அரிக்குது," என்றாள் பெரியக்கா. "நாலு நாளா. கை ரெண்டையும் நீ எடுத்துட்டே. கொஞ்சம் சீவி விடு."

சீப்பை எடுத்துக்கொண்டு குனிந்தாள். இன்னும் கிட்ட வா என்றாள் பெரியக்கா. வந்தாள். அடுத்த நொடி பெரியக்கா தலையை எக்கி, தன் நெற்றியால் அவள் மூக்கில் பலங்கொண்ட மட்டும் முட்டினாள். கண்ணில் பொறி பறந்தது. மூக்கிலிருந்து ரத்தம் குபுக்கென்று போர்வையில் கொட்டியது.

கை தானாக எழுந்தது. அந்தப் பெரிய உள்ளங்கை, தோளுக்கு மேலே. பெரியக்கா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக்கை அந்தக் கையை இறக்கிக் கட்டில் கம்பியைப் பிடித்தாள். கட்டில் கடகடவென்று ஆடியது. இயேசுவே, இயேசுவே என்று வாய்க்குள்ளேயே முனகினாள். அதைத் தவிர வேறு ஜெபம் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"என்னக்கா சத்தம்?" ஊசி லத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. குனியும்போது கம்பில இடிச்சுக்கிட்டேன்."

ஒன்றரைப் பக்கம் உண்மை எழுதி வேலையைப் பறிகொடுத்தவள், அந்த வாரமே துளிகூடத் தயங்காமல் சொன்ன பொய் அது. இன்றுவரை அதற்காக அவள் வருந்தியதில்லை. ஊசி போனபிறகு மூக்கில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு கையாலேயே பெரியக்காவின் தலையைச் சிக்கெடுத்துச் சீவினாள். பத்து நிமிஷம் முப்பது நிமிஷமாயிற்று.

விசாரணை எட்டு மாதம் நடந்தது. சூப்பிரண்டு அம்மா இடம் மாற்றப்பட்டார். பதக்கம் வேறு யாருக்கோ போனது. இரும்புக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் கொட்டடிப் பக்கம் விடவில்லை. வாசலில் வருவோர் போவோரைச் சோதனை போடும் அறையில் போட்டார்கள். நெருப்புக்காரிக்கு ஆயுள் தண்டனை. வேறு சிறைக்குப் போகிற அன்று சோதனை அறையில் இவளைப் பார்த்து, "அன்னிக்கு நீ நகர்ந்திருந்தா எனக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும். உன்ன யாரு கேட்டா?" என்று காறித் துப்பிவிட்டுப் போனாள். இரும்புக்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்காக ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. எரிந்துபோன அந்த ஏழு வயதுப் பிள்ளை குறுக்கே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தாள். இப்போதும் அப்படித்தான்.

அப்பத்தையும் பாத்திரத்தையும் எப்போது திரும்ப எடுத்தாள் என்று கேட்டால் தேதி சொல்லமாட்டாள். போதகர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, தெரியாமல் கை தட்டச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது மட்டும் தெரியும். நாள் எண்ணுவதை விட்டுவிட்டாள். மகள் வளர்ந்துவிட்டாள், எதிர்த்துப் பேசுகிறாள், கதவை அறைந்து சாத்துகிறாள். அந்தக் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதி.

நாலு வருஷம் கழித்துப் பெரியக்கா விடுதலையானாள். சோதனை அறைக்கு ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், அது விதி. இவள் சொல்லாமல் நின்றாள். பெரியக்காவே தூக்கினாள். வலது கை முழுசாக மேலே போனது. இடது கை தோள்வரைதான்.

"இவ்வளவுதான் எழும்பும்."

"தெரியும்."

"உன் சாமி உன்னச் சேத்துக்கிட்டாரா?"

"அவர் சேத்துக்கிட்டார். நான்தான் இன்னும் வாசல்ல நின்னு தகராறு பண்ணிட்டிருக்கேன்."

பெரியக்கா வாய்விட்டுச் சிரித்தாள். மூட்டையை எடுத்துக்கொண்டாள். போய்ட்டு வரேன் என்று சொல்ல வாயெடுத்து, சிறையில் அதைச் சொல்லக்கூடாதே என்று நினைவு வந்து, "போறேன்," என்றாள்.

வெளியே அவள் தம்பி இரண்டு சக்கர வண்டியோடு காத்திருந்தான். பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்து, வலது கையால் அதை அணைத்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள இடது கைதான் மிச்சம். அந்தக் கையால் தம்பியின் சட்டையைக் கொஞ்சம் பிடிக்க முடிந்தது. வண்டி குழிகளில் ஏறி இறங்கித் தெருமுனை வரை போவதை, கீழே விழுந்துவிடப் போகிறாளே என்ற பயத்தோடு, இரும்புக்கை சோதனை அறையின் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.